தூற்றிய விதை

கராகூப்,
10 செப்டம்பர் 1972

ஹென்ட்ரிகா என்கிற ட்ரீகாவுக்கு பாரென்ட் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் கடிதத்தை அப்படியே அடுப்பில் போட்டுவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளை ஆந்த்ரீஸைப் புதைத்து ஏழு மாதம் ஆகிறது. நீ லாரி ஏறி ஆறு மாதம். ஏறும்போது ஊரே நிற்க நீ ஒன்று சொன்னாய். "அந்தக் கரட்டுல என்னைக்கு வெள்ளைப்பூ பூக்குதோ, அன்னைக்குக் கூப்பிடுங்க. வரேன்." யோனாஸ் மாமா கூடச் சிரித்தார். கல்லறைக் கரட்டில் கல்லைத் தவிர எது விளைந்திருக்கிறது?

நான் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது உழுவதும் விதைப்பதும்தான். பூ வேண்டும் என்கிறாய், பூக்கவைக்கிறேன். ஆனால் நம் மலையில் தரிசு நிலமெல்லாம் ஆரஞ்சுப் பூதான். மழைக்கு முன்னால் மூடிக்கொள்ளுமே, நடுவில் கருநீலக் கண் வைத்த அந்த வெள்ளைப்பூ, அது உன் அப்பாவின் மணல் நிலத்தில் மட்டும்தான் உண்டு. விதை கொஞ்சம் அனுப்பு.

நம் ஆடு வெள்ளைக்காலி இரட்டைக் குட்டி போட்டிருக்கிறாள். இரண்டும் பெட்டை.

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
1 அக்டோபர் 1972

ஆந்த்ரீஸின் அப்பாவுக்கு,

குதிரைக்குக் கொம்பு முளைத்தால் வருகிறேன் என்று சொன்னால், உடனே போய்க் குதிரை வாங்கிக் கட்டிவிட்டுக் கொம்புக்காகக் காத்திருக்கும் மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். வர மாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அது யோனாஸ் மாமாவுக்குக்கூடப் புரிந்திருக்கிறது.

இங்கே காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதுவார்கள். மாலைவரை மீன்தலை வெட்டுகிறேன். ராத்திரி எத்தனை சோப்புப் போட்டாலும் கை நாறுகிறது. அக்கா ரக்கேல் தன் கட்டிலில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். உங்கள் கூரையின் கீழே படுப்பதைவிட இது மேல்.

ஒன்றும் நடக்காதது போல இருக்கிறீர்களே, நான் சொல்கிறேன். இருபத்தொன்று ஆகாத பிள்ளைக்கு அப்பா கையெழுத்து இல்லாமல் சுரங்கத்தில் வேலை தர மாட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அவன் கன்சர்டீனாத் துருத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு களத்து ஓரம் உட்கார்ந்திருந்தான் என்பதற்காக, கதிர் மேல் கழுதை ஓட்டாமல் பாட்டு வாசித்தான் என்பதற்காக, ஊர் கேட்கச் சொன்னீர்கள். "இவன் பதர். சுரங்கத்துக்குப் போனாத்தான் மணியாவான்." பதினோரு மாதத்தில் அவனைப் பலகையில் படுக்கவைத்து அனுப்பினார்கள். இப்போது பூ கேட்கிறீர்கள்.

விதை அனுப்ப மாட்டேன்.

ஹென்ட்ரிகா

*

கராகூப்,
22 அக்டோபர் 1972

ட்ரீகா,

நீ எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. கையெழுத்து என்னுடையது. அந்தச் சொல்லும் என்னுடையது.

அடுத்த வாரம் கழுதை வண்டி பூட்டிக்கொண்டு உன் அப்பா நிலத்துக்கு இறங்கப்போகிறேன். போக மூன்று நாள், வர நான்கு நாள். உன் தம்பி திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். எது விதை, எது காம்பு என்று எனக்குத் தெரியாது. கையில் வந்ததைப் பிடுங்கிக்கொண்டு வருவேன்.

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
12 நவம்பர் 1972

ஆந்த்ரீஸின் அப்பாவுக்கு,

வண்டி பூட்டாதீர்கள். பழுத்ததும் பச்சையும் தெரியாமல் என் அப்பா நிலத்தை நீங்கள் மொட்டையடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போன ஞாயிறு ரக்கேலும் நானும் நடந்தே போய்ப் பறித்துவிட்டோம். தலையணை உறை நிறைய அனுப்பியிருக்கிறேன். உங்களுக்காக இல்லை. அவன் தலைமாட்டில் வெறும் கல் கிடப்பது எனக்கே கண்ணை உறுத்துகிறது.

கோதுமை போலக் கையாளாதீர்கள். இது வேறு. ஈஸ்டர் வரை, இந்தக் கோடை முழுவதும் விதை சூடு வாங்கவேண்டும். உறையோடு கூரை மோட்டுக் கழியில் தொங்கவிடுங்கள், ஈரம் படக்கூடாது. ஈஸ்டர் முடிந்து, முதல் மழை வரும்போல இருக்கும்போது போடுங்கள். கல்லை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மண்ணை ஒரு விரற்கணு ஆழத்துக்கு மட்டும் கிளறினால் போதும். ஏர் பிடித்த கை என்று ஆழ உழுதுவிடாதீர்கள். தூவியபின் மூடவும் வேண்டாம், ஒரு முள்கிளையை மேலே இழுத்துவிடுங்கள். உள்ளே காம்பும் முள்ளும் கிடக்கும், சுத்தம் செய்து போடுங்கள். ஆடு ஏறாமல் கல் அடுக்குங்கள்.

இவ்வளவும் எழுதியதால் கோபம் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம்.

ஹென்ட்ரிகா

*

கராகூப்,
6 மே 1973

ட்ரீகா,

விதைத்துவிட்டேன்.

நீ சொன்னபடியே எல்லாம். உறை கோடை முழுவதும் மோட்டில் தொங்கியது. படுத்துக்கொண்டு பார்த்தால் நேர் மேலே தெரியும். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் இறக்கிச் சுத்தம் செய்தேன். அந்த வேலையில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு துரும்பு இல்லை, ஒரு தூசி இல்லை, மணி மணியாக எடுத்துக்கொண்டுபோய்த் தூவினேன். உன் தலையணை உறை நிறைய இருந்தது கடைசியில் ஒரு குவளை அளவுதான் நின்றது. அவ்வளவு குப்பை.

கல் அடுக்கும்போது யோனாஸ் மாமா வந்து நின்றார். "என்னடா பாரென்ட், கல்லறையில வெள்ளாமையா? போன வருஷம் கோதுமையே உனக்கு முளைக்கல."

"இது கோதுமை இல்ல மாமா. பூ."

"பூவா? ஆட்டுக்கா?"

"ட்ரீகாவுக்கு."

மாமா குனிந்தார். தானும் நாலு கல் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ராத்திரி மழை பிடித்தது. நல்ல மழை, இரண்டு நாள் விடவில்லை. நான் வெளியில் வந்து நனைந்துகொண்டு நின்றேன். இந்த வயதில் இது பைத்தியம்தான்.

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
15 ஜூலை 1973

ஆந்த்ரீஸின் அப்பாவுக்கு,

முளைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவனுக்கு நாலு வயதில் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? மத்தியானம் பிள்ளையைக் காணோம். கிணறு வரைக்கும் ஓடித் தேடினோம். கடைசியில் பார்த்தால் வெள்ளைப்பூவுக்கு நடுவில் கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறான், தொப்பி நிறையப் பூ. எழுப்பினால் என்ன சொன்னான் தெரியுமா? "பூ எல்லாம் என்னையே பாத்துச்சும்மா, அதான் தூங்கிட்டேன்." அவை சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவன் சூரியனுக்கு நேரே படுத்திருக்கிறான், அவ்வளவுதான். லாரி ஏறிய அன்று வாயில் வெள்ளைப்பூ என்று வந்தது இதனால்தான். யோசித்துச் சொன்னது இல்லை.

முளை வந்திருந்தால் இந்நேரம் ஒரு சாண் இருக்கும். இலை ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும், தொட்டால் கையில் லேசாக ஒட்டும். வந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

ட்ரீகா

*

கராகூப்,
19 ஆகஸ்ட் 1973

ட்ரீகா,

ஒன்றும் வரவில்லை.

இதை எழுத ஒரு மாதமாகத் தாள் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜூனில் தினமும் கரட்டில் ஏறி முழங்காலில் உட்கார்ந்து பார்த்தேன். நாலைந்து புல் வந்தது, பிடுங்கினேன். மழைக்குக் குறைவில்லை. ஊர்த் தரிசெல்லாம் ஆரஞ்சாகக் கிடக்கிறது, பார்க்கக் கண் கூசுகிறது. இவன் படுத்திருக்கும் இடம் மட்டும் மொட்டை. ஜூலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழ்ப்பட்டிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தால் கரடு கண்ணில் படாது.

முந்தாநாள் திரும்பி வந்தால் வீட்டு வாசலில் யோனாஸ் மாமா. "கல்லறைக்குப் போட்ட விதை களத்துக்கு எப்படிடா போச்சு? உன் பையன் எடம் மாறிட்டானா?"

போய்ப் பார்த்தேன். யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், நம் கதிரடிக்கும் களத்துக்குக் கிழக்கே, தூற்றும்போது உமி போய் விழுமே அந்த இடம் முழுக்க வெள்ளை. கோழி கிளறின இடம், கழுதைச் சாணிக் குவியல், ஒன்றும் பாக்கி இல்லை. பாலைக் கொட்டிவிட்டாற்போலக் கிடக்கிறது. நடுவில் அந்தத் தட்டைக் கல் இருக்கிறது. அவன் உட்கார்ந்து வாசிப்பானே, அந்தக் கல்.

எனக்குக் காரணம் விளங்கவில்லை. சுத்தம் செய்த விதையில் ஒன்றுகூட நான் அங்கே போடவில்லை. மேற்குக் காற்றில் நன்றாகத் தூற்றி, பதரை எல்லாம் போக்கிவிட்டு, கனத்த மணியை மட்டும்தான் கரட்டுக்கு எடுத்துப் போனேன்.

பூ இன்னும் மூன்று வாரம் நிற்கும். கரடு இல்லைதான், களம்தான். வருகிறாயா?

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
2 செப்டம்பர் 1973

பாரென்ட்,

தூற்றினீர்களா?

படித்துவிட்டு ரக்கேலிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் வெளியே போய் ஆலைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

அந்தப் பூவுக்கு விதை இரண்டு வகை. சுற்றி இருக்கும் வெள்ளை இதழிலிருந்து வருவது சின்னதாக, குச்சி போல, மேலெல்லாம் முண்டு முண்டாக, கல் மாதிரி இருக்கும். நடுவில் இருக்கும் கருநீலக் கண்ணிலிருந்து வருவது தட்டையாக, காகிதம் போல, ஊதினால் பறக்கும். அந்தக் காகிதம்தான் உயிர். முதல் மழையில் முளைப்பது அதுதான். முண்டு விதை தூங்கும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் எழுந்திருக்கும். எல்லாம் ஒரே மழையில் முளைத்து, அந்த மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே போய்விடும் அல்லவா? அதற்காகக் கடவுள் செய்த ஏற்பாடு.

நீங்கள் உயிரைப் பதர் என்று காற்றில் விட்டுவிட்டு, தூங்குகிறதைக் கொண்டுபோய் அவன் மேல் போட்டிருக்கிறீர்கள். லேசாக இருந்தால் உங்களுக்குப் பதர். இரண்டாவது தடவை.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை. தப்பு என் பேரிலும் உண்டு. இரண்டு வகை என்று நான் எழுதவில்லை. மணல் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குத் தெரிந்த விஷயம், எழுதத் தோன்றவில்லை. சுத்தம் செய்யுங்கள் என்று கோதுமைக்காரரிடம் சொன்னால் அவர் களத்துக்குத்தான் போவார்.

நான் வரவில்லை. கரடு என்றுதான் சொன்னேன், களம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரட்டு மண்ணைக் கிளறாதீர்கள். புதிதாக ஒன்றும் போடவும் வேண்டாம். கால் வைக்காமல் விட்டுவிடுங்கள்.

ட்ரீகா

*

கராகூப்,
16 டிசம்பர் 1973

ட்ரீகா,

இந்த வருஷம் நம் களத்தில் கதிர் அடிக்கவில்லை. யோனாஸ் மாமா களத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் களத்தில் வெள்ளைப்பூ காய்ந்து விதை உதிர்ந்திருக்கிறது. அதன்மேல் கழுதையை ஓட்ட மனம் வரவில்லை. "பாரென்ட் இப்ப களத்துக்கும் கல்லறை கட்டிட்டான்" என்று ஊர் பேசுகிறது. பேசட்டும்.

நீ இரண்டாவது தடவை என்று எழுதியதை நான் பலமுறை படித்தேன். மாமா களத்தில் தூற்றும்போது காற்றில் போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மாமா அதட்டினார். உமிக்குக்கூட இப்போது அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை.

அவன் முதல் சம்பளத்தில் வாங்கிய கூரைத் தகரம் ஒன்பதும் சுவரோரம் சாய்ந்தபடியே இருக்கிறது. மழையில் நனையாமல் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். ஏற்றச் சொல்கிறார்கள். நான் கோரைப்பாய்க் கூரையிலேயே இருக்கிறேன். ஒழுகும் இடம் எனக்குப் பழக்கம்தான்.

கிறிஸ்துமஸுக்கு அடுப்புச் சாம்பலில் ரொட்டி சுடலாம் என்று இருக்கிறேன். நீ சுடுவதுபோல வராது, மேலே கருகி உள்ளே மாவாக இருக்கும்.

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
9 ஜூன் 1974

பாரென்ட்,

தகரத்தைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆறு மாதமாக அந்த ஒன்பது தகரமும் என் மார்பின் மேல் கிடக்கிறது. இதற்கு மேல் சுமக்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

ஆந்த்ரீஸ் சுரங்கத்துக்குக் கிளம்பிய வாரம், நீங்கள் ஆட்டுப்பட்டியில் இருந்தீர்கள். அவன் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, எனக்குப் போக இஷ்டமில்ல. நிலத்துக்கு அடியில இறங்கணும்னா பயமா இருக்கு. அப்பா சொன்னா கேக்கமாட்டார். நீ சொன்னா கேப்பார்."

நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். வெளியே கத்துவீர்களே தவிர, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பீர்கள்.

நான் தலையைக் கூடத் தூக்கவில்லை. "ஒரே ஒரு வருஷம் போயிட்டு வாடா. கூரைக்குத் தகரம் போட்டுட்டா அப்புறம் உன் இஷ்டம். எத்தனை வருஷம் ஒழுகுற வீட்டுல கெடக்கிறது" என்றேன்.  அவன் "சரிம்மா" என்று ஒரு விள்ளல் பச்சை மாவைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். சின்னப்பிள்ளையில் செய்வது போல.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரக்கேலுக்கும் தெரியாது. அடக்கத்தன்று உங்களைப் பார்த்துக் கத்தினேனே, அப்போது என் வாய் கத்தியது, காது அந்த "சரிம்மா"வைக் கேட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்து உங்களுடையது என்பதால் எனக்குத் தப்பிக்க ஓர் இடம் கிடைத்தது. இரண்டு வருஷமாக அதில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். உங்களைப் பதர் சொன்னவர் என்று திட்டித் திட்டி எழுதினேன். என் பிள்ளையை ஒன்பது தகரத்துக்கு அனுப்பியவள் நான்.

இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

ட்ரீகா

*

கராகூப்,
11 ஆகஸ்ட் 1974

என் ட்ரீகா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. ஒன்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் கிடந்தேன். இன்று காலை கரட்டுக்குப் போய் வந்தபின் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் கரட்டைச் சொல்கிறேன். பூத்திருக்கிறது. ஜூன் கடைசியில் பல் பல்லாக இலை வந்தது. உனக்கு எழுதப் பயம், ஆடு மேய்ந்துவிட்டால், பனி கருக்கிவிட்டால் என்று. ஒன்றும் ஆகவில்லை. அவன் நெஞ்சிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை. எண்ணினேன், நாற்பத்தொன்று. நம் பக்கம் குளிர்காலச் சூரியன் வடக்கேதானே, எல்லாம் அதைப் பார்த்து நிற்கின்றன. யோனாஸ் மாமா தெரியாமல் தெற்கே போய் நின்று, "என்னடா, எல்லாம் கோவிச்சுக்கிட்டு முதுகக் காட்டுது" என்றார். சுற்றிக் கூட்டிவந்து இந்தப் பக்கம் நிறுத்தினேன். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இனி மற்றது.

எனக்குத் தெரியும், ட்ரீகா. அன்றைக்கே தெரியும். சுரங்க லாரி நிற்கும் முக்கு வரைக்கும் நான்தான் அவன் மூட்டையைச் சுமந்துகொண்டு போனேன். பாதி வழியில் எனக்கு மனசு கேட்கவில்லை. நின்றேன். "வேணாம்னா திரும்பிடலாம்டா" என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னேன், சத்தியம். அவன் சிரித்தான். "அம்மாகிட்டயும் சொன்னேன்ப்பா. ஒரு வருஷம் போயிட்டு வான்னுட்டா. பாவம், கூரை ஒழுகுது இல்ல. போட்டுட்டு வந்துடறேன். அம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க." கன்சர்டீனாப் பெட்டியை என்னிடம் கொடுத்தான். அங்கே தூசியில் துருத்தி கெட்டுவிடும் என்றான். அது இன்னும் ஆணியில் தொங்குகிறது.

அவனைத் திருப்பிக் கூட்டிவர எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. லாரி வரக் கால் மணி இருந்தது. ஊர் சிரிக்குமே என்று விட்டேன். அதனால் நீ அனுப்பினாய் என்று எழுதாதே. கணக்கில் நான்தான் கடைசி.

அடக்கத்தன்று நீ கத்தினாய். நான் வாய் திறந்திருந்தால் நீ அங்கேயே செத்திருப்பாய். திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தால் நீ நாளைக்கும் எழுந்திருப்பாய் என்று தோன்றியது. என் தலை பெரிசுதானே, அதில் போடட்டும் என்று இருந்துவிட்டேன். அவனும் கேட்காதே என்று சொல்லியிருந்தான்.

வருகிறாயோ இல்லையோ, கரடு பூத்தால் கூப்பிடச் சொன்னாய். கூப்பிட்டுவிட்டேன்.

பாரென்ட்

*

மீன் ஆலைக் குடியிருப்பு,
20 ஆகஸ்ட் 1974

பாரென்ட்,

தெரிந்துகொண்டே இருந்தீர்களா? நான் மீன்நாற்றத்தோடு உட்கார்ந்து உங்களை வரிக்கு வரி வெட்டி எழுதியதை எல்லாம் வாங்கி வாங்கி, "நீ எழுதியதில் பொய் இல்லை" என்று பதில் போட்டுக்கொண்டு இருந்தீர்களா? உங்களை யார் கேட்டது? இரண்டு வருஷம் நான் என் பிள்ளை கல்லறைக்கு வராமல் இருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்திருக்க மாட்டேன். அழுதிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அதைக் கூட எனக்குக் கொடுக்காமல் தனியாகச் சுமந்தீர்கள். பெரிய தலைதான்.

"பாவம், கூரை ஒழுகுது இல்ல" என்றானா? அதை இன்னும் என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. ரக்கேலைப் படிக்கச் சொன்னேன். அவளும் பாதியில் வைத்துவிட்டாள்.

ஆலையில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை பால் லாரியில் வருகிறேன். வாழ வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்கி வைக்காதீர்கள். சண்டை போட வருகிறேன். கடிதத்தில் போட்டது போதும், முகத்தைப் பார்த்துப் போடவேண்டும். அதற்கப்புறம் என்ன என்று எனக்கே தெரியாது. தகரத்தைத் தொடாதீர்கள், பெட்டியை ஆணியிலிருந்து எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் இருக்கிற இடத்தில் நான் பார்க்கவேண்டும்.

முக்குக்கு வந்து நிற்கவேண்டாம். அந்த இடத்தில் உங்களைப் பார்க்க என்னால் முடியாது. நேரே கரட்டுக்கு ஏறிவருகிறேன், அங்கே இருங்கள். வடக்குப் பக்கம் இருங்கள், நானும் அங்கேதான் வருவேன்.

இரண்டு நாளாகக் கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை அங்கேயும் மேகமாக இருந்தால் பூ எல்லாம் மூடியிருக்கும். பரவாயில்லை. திறக்கும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ட்ரீகா